பைனஸ் மரத்தின் உச்சியில் மட்டும் ஏன் பச்சை?

பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்குச் செல்லும் எமக்கு, பேராதனையை அடைந்ததும் தெரியும் ஹந்தானை மலையின் பைனஸ் தோட்டங்கள் புதியவையல்ல. கரிபியன் தீவுகளையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இவ்வினம், வளமிழந்த மலைச்சரிவுகளை மூடுவதற்காக 1970களிலும் 1980களிலும் இலங்கையில் பரவலாக நடப்பட்டது. தோட்டத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால் வெறுந்தண்டும் காய்ந்த கிளைகளுமே தெரியும்; பச்சை உச்சியில்தான். "மரம் பட்டுப்போகிறது" என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் நான் அதன் காரணத்தை விளக்க விரும்புகிறேன்.

ஒவ்வோர் இலைக்கும் வரவும் செலவும் உண்டு. ஒளித்தொகுப்பு வரவு; இரவு பகலாக நடக்கும் சுவாசம் செலவு. ஓர் இலையடுக்கு வெயிலில் பாதியைத் தடுப்பதாகக் கொள்வோம். முதலடுக்குக்கு 100 பங்கு கிடைத்தால், இரண்டாவதற்கு 50, மூன்றாவதற்கு 25, நான்காவதற்கு 12.5 பங்குதான். வரவு செலவுக்குப் போதாத கிளையில் ஊசியிலைகள் உதிர்ந்து, கிளையும் காய்கிறது. பைனஸ் வெயிலை விரும்பும் மரமாதலால் நிழலை நெடுங்காலம் தாங்காது.

அதற்காக நுனியில்தான் இலை அதிகம் என்று எண்ணிவிடக் கூடாது. நுனிக் கிளைகள் இளமையானவை, குட்டையானவை. அடிக் கிளைகளுக்கோ வெயில் இல்லை. எனவே பச்சைப் பகுதியின் நடுவிலேயே இலைகள் மிகுதி. ஒரே கிளையிலும் தண்டை அண்டிய பகுதி வெறுமையாக இருக்கும். புதிய இலைகள் வளரும் நுனியிலேயே தோன்றுகின்றன. தோட்டத்தின் ஓரத்தில் பக்கவெயில் பெறும் மரத்தில் பச்சைக் கிளைகள் தாழ்வாகவும் இருப்பதே இதற்குச் சான்று.

இதை அறிவதால் என்ன பயன்? உதிர்ந்த ஊசியிலைகள் விரைவில் உக்குவதில்லை; வறட்சிக் காலத்தில் எளிதில் தீப்பற்றும். ஆனால் மரங்களை அடியோடு வெட்டினால் சரிவின் மண் மழையோடு போய்விடும். சிங்கராஜ வனத்தின் ஓரத்திலுள்ள பைனஸ் தோட்டத்தில், பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் பிற ஆய்வாளர்களும் வேறொரு வழியைப் பரிசோதித்தனர். மூன்று வரிசை பைனஸ் மரங்களை அகற்றிய இடைவெளியில் நட்ட மழைக்காட்டு மரக்கன்றுகள், அடர்நிழலில் நட்டவற்றைவிட நன்றாக வளர்ந்தன. 1997இல் அம்முடிவுகள் வெளியாகின.

ஆகவே, பைனஸை வெட்டுவதா விடுவதா என்று மட்டும் வாதிடாமல், எந்த வரிசையைத் திறந்தால் கன்றுக்கு வெயில் கிடைக்கும் என்றும் நாம் கேட்க வேண்டும்.