முயல் வேண்டாம், வாசனை போதும்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கத்தில் இன்றைக்குப் பல இடங்களில் வயலுக்கும் கம்பெனிச் சுவருக்கும் நடுவே ஒரு வரப்புதான் இடைவெளி. சிப்காட்டுக்குப் போனது போக மிஞ்சிய நெல் வயல்களும் ஏரி உள்வாய்களும்தான் அங்கே முயலுக்கும் உடும்புக்கும் ஒதுங்குமிடம். அறுவடை முடிந்ததும் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, நாயோடு முயலுக்குப் போவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய பழக்கம்.

பழக்கம் பழையதானாலும், சட்டம் அதை ஏற்பதில்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தைப் பலரும் படித்திருக்க மாட்டார்கள். கொன்றால்தான் வேட்டை என்றில்லை. கண்ணி வைப்பது, விரட்டுவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். முயல் தப்பித்து ஓடிவிட்டாலும் நாயை ஏவியவர் தப்ப முடியாது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது பொதுவான தண்டனை. உடும்பு முதல் பட்டியலில் இருப்பதால் அதற்குக் குறைந்தபட்சமே 3 ஆண்டு. நாய் வளர்ப்பதில் குற்றம் எதுவும் இல்லை. அதை எதன் பின்னால் ஓடவிடுகிறோம் என்பதில்தான் வம்பு.

இந்தச் சிக்கலுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு பழைய விடை இருக்கிறது, நீலகிரியில். வெள்ளைக்காரர் காலத்தில், 19-ம் நூற்றாண்டிலேயே, ஊட்டியில் குதிரையேறி நாய்க்கூட்டத்தோடு வேட்டைக்குப் போகும் வழக்கம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் நரியைத் துரத்தும் ‘ஃபாக்ஸ்ஹவுண்ட்’ நாய்களைக் கப்பலில் கொண்டுவந்து, ஊட்டிக்கு வெளியே இருந்த வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குள்ளநரியைத் துரத்தினார்கள். ஊட்டி ஹண்ட் என்று பெயர். நாடு விடுதலை அடைந்த பிறகும், வெலிங்டன் ராணுவக் கல்லூரி அதிகாரிகள் அதைத் தொடர்ந்தார்கள். குள்ளநரிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தபின் ஆட்டத்தின் விதி மாறியது. வாசனை ஏற்றிய துணியை ஒருவர் முன்னாலேயே புல்வெளியில் இழுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தத் தடத்தை நாய்கள் மோந்து ஓட, குதிரைகள் பின்னால் போகும். நாய் அதே நாய்தான், ஓட்டமும் அதே ஓட்டம்தான். முன்னால் ஓடும் உயிர் மட்டும் கிடையாது.

அந்தப் புல்வெளியின் கதையும் ஒரகடத்துக்காரருக்குப் புதிதாக இருக்காது. அதில் ஒரு பகுதியில்தான் 1960-களில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை எழுந்தது. மிச்சத்தில் பெரும்பகுதியைச் சீகை மரமும் யூகலிப்டஸும் மூடின. ஆலையும் இப்போது மூடிக்கிடக்கிறது.

குதிரை, சிவப்புக் கோட்டு என்றால் அது பணக்காரர் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இங்கிலாந்தின் வடக்கே கம்ப்ரியா மலைப்பகுதியில் இதையே ஆடு மேய்ப்பவர்களும் சிறு விவசாயிகளும் காலம் காலமாக நடத்துகிறார்கள். அங்கே குதிரை கிடையாது. மண்ணெண்ணெயில் அனிசீட் எண்ணெய் (சோம்பு போல மணக்கும்) கலந்து, பழந்துணி மூட்டையை அதில் நனைத்து, கயிற்றில் கட்டி மலை மேல் இழுப்பார்கள். இழுப்பவர்கள் இரண்டு பேர். பாதையின் நடுவில் சந்தித்து, ஒருவர் தொடக்கத்தை நோக்கியும் மற்றவர் முடிவை நோக்கியும் நடப்பார்கள். வாசனை ஆறிப்போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. சுமார் 16 கிலோமீட்டர் தடத்தை நாய்கள் அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக ஓடி முடித்துவிடும். முடிவுக் கோட்டில் நிற்கும் வீட்டுக்காரர்கள் விசிலடித்து, பெயர் சொல்லிக் கத்தி, சோற்றுக் கிண்ணத்தை ஆட்டித் தங்கள் நாயைக் கூப்பிடுவார்கள். இதில் பந்தயப் பணம் புழங்கியதால் திருட்டுத்தனமும் நுழைந்தது. அதைக் கட்டுப்படுத்த 1906-ல் சங்கம் அமைத்தார்கள். வழியில் நாயை மாற்றிவிடாமல் இருக்க, புறப்படும்போதே உடம்பில் சாயம் பூசும் வழக்கமும் உண்டு.

அதே நாட்டில் இதற்கு ஒரு கெட்ட பெயரும் ஏற்பட்டது. 2005-ல் நாயை வைத்து நரி வேட்டையாடுவதற்குத் தடை வந்ததும், சில வேட்டைக் குழுக்கள் “நாங்கள் வாசனைத் தடத்தில்தான் ஓடுகிறோம்” என்றன. ஆனால் தடம் போடப் பயன்படுத்தியது நரியின் சிறுநீர் வாசனை. நிஜ நரி குறுக்கே வந்தால் நாய் அதை விட்டுவிடுமா? விலங்கு நல ஆர்வலர்கள் விடாமல் கேட்டார்கள். ஸ்காட்லாந்து 2023-ல் அந்த வகை ஓட்டத்தையும் சேர்த்துத் தடை செய்துவிட்டது. சோம்பு வாசனையில் பழகிய நாய்க்கு அந்தச் சந்தேகம் வராது. முயல் தோலைக் காட்டிப் பழக்கினால் நாய் முயலைத்தான் தேடும்.

நம் நாய்களுக்கு இது வருமா? சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்தும் இனங்கள். மோப்பத்தில் அவற்றுக்கு ஆர்வம் வரக் கொஞ்சம் நாள் ஆகும். சாதாரண நாட்டு நாய் பல சமயம் இதில் முந்திக்கொள்ளும். எந்த நாயானாலும் மனித மூக்கோடு ஒப்பிடவே முடியாது. மோப்பம் உணரும் செல்கள் நமக்குச் சுமார் 50 லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கு மேல்.

செலவு என்று பார்த்தால் ஒரு சாக்குத் துண்டும் கயிறும்தான். மண்ணெண்ணெய் வேண்டாம், தோலுக்கும் மூக்குக்கும் எரிச்சல். சோம்பை நன்றாகக் கொதிக்கவைத்த தண்ணீரில் சாக்கை ஊறப்போட்டால் போதும். முதல் நாள் 30 அடி தூரம் நேராக இழுத்து, முடிவில் நாய்க்குப் பிடித்த தீனியைச் சிறிது வைக்க வேண்டும். நாய் தலையைத் தாழ்த்தி மோந்துகொண்டே போய் எடுத்துவிட்டால், அடுத்தடுத்த நாட்களில் தூரத்தைக் கூட்டலாம், ஒரு திருப்பம் வைக்கலாம். அதன்பின் தடம் போட்டு கால் மணி நேரம் கழித்து நாயை அவிழ்க்கலாம். தடம் போடுபவர் திரும்பி வரும்போது அதே வழியில் வரக்கூடாது. வந்தால் நாய் குழம்பிவிடும்.

மார்கழி, தை மாத விடியற்காலை இதற்குத் தோதானது. பனி ஈரத்தில் வாசனை தரையோடு படிந்து நிற்கும். வெயில் ஏறி மண் சூடானால் கலைந்துவிடும், சித்திரை வெயிலில் நாய்க்கும் ஆபத்து. அறுத்த நெல் வயல் நல்ல இடம். பூச்சிமருந்து அடித்த வயலையும், கழிவுநீர் ஓடும் கால்வாய்க் கரையையும் தவிர்க்க வேண்டும். சிங்கபெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. மோப்பத்தில் தலை குனிந்து ஓடும் நாய் ஹாரன் சத்தத்தைக் கண்டுகொள்ளாது. அதனால் சாலைப் பக்கம் இருப்பவர்கள் 30 அடி கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாமல், மார்புப் பட்டையில் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டே ஓடவிடுவது நல்லது.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாத வயதில் தொடங்கி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் இதற்கு வழி உண்டு. சேற்று வயலில் ஓடும் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். வயிறு நிறையத் தின்ற நாயை ஓடவிட்டால், குறிப்பாக மார்பு ஆழமான சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்களுக்கு, வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஓட்டம் முடிந்து, மூச்சு ஆறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் ஆன பிறகு சோறு வைத்தால் சரியாக இருக்கும்.