முதுகு வலியோடு வாக்குவம் கிளீனர் வாங்கப் போகிறீர்களா?

கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் வாட்ஸ் கணக்கைத்தான் முதலில் சொல்வார். ‘இது ஆயிரத்து இருநூறு சார், அது ஆயிரத்து அறுநூறு’ என்று அடுக்குவார். மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதற்கு மேல் அந்த எண்ணில் பெரிதாக ஒன்றுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல், வயரில் ஓடும் சாதாரண வீட்டு வாக்குவம் கிளீனர்கள் 900 வாட்ஸுக்குள்தான் இருக்க வேண்டும் என்று விதி. அங்கேயும் வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வீட்டை ஒரு முறை சுத்தம் செய்து முடிக்க எத்தனை தடவை குனிய வேண்டும் என்று பாருங்கள். கருவியை எடுத்து வைக்க, பிளக்கைச் செருக, ஸ்விட்சை அமுக்க, கட்டிலுக்கு அடியில் விட, சேர்ந்த தூசியைக் கொட்ட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குனிதல் இருக்கிறது. குனிந்தபடியே இடுப்பைத் திருப்பினால் முதுகுக்கு இன்னும் சிரமம்.

நம் வீட்டில் டைல்ஸ்தானே, இது தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விரிப்பு இல்லாத டைல்ஸ், மொசைக் தரைக்கு நின்றபடி கூட்டும் நீளக் கைப்பிடித் துடைப்பமும், அதே போல நீளப் பிடி வைத்த முறமும் போதும். பூந்துடைப்பம் நன்றாகத்தான் கூட்டும். அதன் நீளம்தான் நம்மைக் குனிய வைக்கிறது. சோபா, மெத்தை, தரைவிரிப்பு, வீட்டில் நாய் பூனை, தூசி பட்டால் தும்மல் என்று ஏதாவது இருந்தால் கருவிக்குப் போங்கள்.

எந்த வகை முதுகுக்கு நல்லது? முதலில், சக்கரம் வைத்த டப்பா வகை. மொத்த எடை ஐந்து கிலோவுக்கு மேலும் வரலாம் என்பதால் பலர் இதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஓட்டும்போது அந்த எடை தரையில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது குழாய் மட்டும். ஒரே தளத்தில் இருக்கும் வீட்டுக்கு இது மோசமில்லை. சுவிட்சும் வயரைச் சுருட்டும் பொத்தானும் காலால் அமுக்கும்படி பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். வயர் நீளமாக இருந்தால் அறைக்கு அறை பிளக்கைப் பிடுங்கி மாட்டும் வேலை குறையும். மாடிப்படி இருந்தால் இது வேண்டாம். வாங்கிய பிறகு பரணில் ஏற்றி வைக்கவும் வேண்டாம். இறக்கும்போதே முதுகு பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது பேட்டரியில் ஓடும் குச்சி வகை. வயர் கிடையாது, பிளக் தேடிக் குனிய வேண்டாம். எடை பெரும்பாலும் மூன்று கிலோவுக்குள் வரும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: மோட்டாரும் தூசி டப்பாவும் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த எடையை மணிக்கட்டும் தோளும் முதுகும் சுமக்கும், கீழே, தரைப் பக்கம் இருந்தால் கைக்கு லேசாக இருக்கும். மேலே மோட்டார் உள்ளதை வைத்து ஒட்டடை அடிக்கலாம், மெத்தைக்கும் பயன்படுத்தலாம். கீழே மோட்டார் உள்ளது தாழ்வான கட்டிலுக்கு அடியில் நுழையாது. தரையைக் கூட்டுவதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால், கீழே எடை உள்ளதையே வாங்குங்கள்.

குச்சி வகையில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். சில கருவிகள் விசையை (துப்பாக்கி போல விரலால் இழுக்கும் பொத்தான்) விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால்தான் ஓடும். ஒரு முறை அமுக்கினால் ஓடிக்கொண்டே இருப்பது நல்லது. சார்ஜ் போடும் மாட்டியைச் சுவரில் இடுப்பு உயரத்தில் அடித்துவிட்டால், எடுக்கவும் வைக்கவும் குனிய வேண்டாம்.

ரோபோவை விட்டுவிட்டால் தொல்லையே இல்லையே என்பீர்கள். பாதி உண்மை. ஒன்பது பத்து சென்டிமீட்டர் உயரம்தான் என்பதால், கால் உயரமான கட்டிலுக்கு அடியில் தானே போய்வரும். ஆனால் அதை ஓட விடுவதற்கு முன் கால்மிதி, சார்ஜர் வயர், குழந்தையின் பொம்மை எல்லாவற்றையும் தரையிலிருந்து பொறுக்குவது யார்? அதுவும் குனிதல்தான். நீளக் கைப்பிடி வைத்த இடுக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்த வாசற்படியைப் பல ரோபோக்கள் தாண்டாது. பிறகு அதன் சின்னத் தூசி டப்பாவை அடிக்கடி காலி செய்ய வேண்டும். தூசியைத் தானே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் நிலையத்தோடு (ரோபோ போய் நிற்கும் பெட்டி) வரும் ரோபோ விலை கூடுதல். இருந்தும், முதுகு வலிக்காக ரோபோ வாங்குகிறவர் அந்தப் பணத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பேன்.

உறிஞ்சும் வேகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதுதானே? தரைவிரிப்பில் ஓட்டிப் பாருங்கள், தெரியும். வேகம் மிகுந்தால் வாய்ப்பகுதி (தரையில் உரசும் தலை) விரிப்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதைத் தள்ளவும் இழுக்கவும் இடுப்பிலிருந்து பலம் கொடுக்க வேண்டிவரும். வேகத்தைக் குறைக்கும் பொத்தான் கட்டாயம் தேவை. பல டப்பா வகைகளில் கைப்பிடியில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் காற்று புகுந்து பிடி தளரும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, நீங்களே தேடிப் பாருங்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது? தூக்கிப் பார்த்து எடை சொல்லாதீர்கள், ஓட்டிப் பாருங்கள். குழாயை முழுதாக நீட்டி, நிமிர்ந்து நில்லுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க, கை இடுப்பு உயரத்தில் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். நீங்கள் உயரமானவர் என்றால் பல குழாய்கள் எட்டாது. அப்படி எட்டாத கருவி எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் உங்களுக்கானதல்ல. ஐந்து நிமிடமாவது ஓட்டுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை இருக்கிறது.

தூசியைக் கொட்டும் விதத்தையும் செய்து காட்டச் சொல்லுங்கள். அடி திறந்து கொட்டும் டப்பா என்றால், குப்பைத் தொட்டியை ஒரு ஸ்டூல் மேல் வைத்து நின்றபடியே கொட்டலாம். பை வைத்த கருவியில் இந்த வேலை எப்போதாவதுதான் வரும். ஆனால் மாற்றுப் பை உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஓட்டும்போது கையை நீட்டி எட்டாதீர்கள். கருவியோடு நடந்து போங்கள். கட்டிலுக்கு அடியில் விடக் குனிவதற்குப் பதில் ஒரு காலை மடக்கி மண்டியிடுங்கள். முழு வீட்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. இன்று கூடம், நாளை படுக்கையறை.

வலி கடுமையாக இருக்கும் நாட்களில் எந்தக் கருவியையும் தொட வேண்டாம். வலியோடு கால் மரத்துப்போனாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படவில்லை என்றாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் முதுகு நன்றாக இருப்பவர்கள் இருப்பார்களே, கடைக்கு அவர்களையும் கூட்டிப்போங்கள். வடிகட்டியைக் கழுவுவது, வாய்ப்பகுதியின் உருளையில் சுற்றிய தலைமுடியை வெட்டி எடுப்பது இரண்டையும் யார் செய்வது என்று பணம் கட்டுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.