ஓசையின்றி உரையாடும் விண்மீன் செல்கள்

மூளை என்றதும் நியூரான் எனப்படும் நரம்புச் செல்லே நினைவுக்கு வருகிறது. நியூரான்களின் இடைவெளிகளை நிரப்பி நிற்கும் செல்களை அறிவியல் உலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. செருமானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1856இல் அவற்றைக் குறிக்க 'நியூரோகிளியா' என்னும் சொல்லை வழங்கினார். நரம்புப் பசை என்பது அதன் பொருள். இட்ட பெயரே பின்வந்தோரின் பார்வையை மறைத்தது எனலாம்.

இவற்றுள் ஒருவகை, விண்மீன் வடிவில் கிளைத்த ஆஸ்ட்ரோசைட்டுகள். இவற்றின் கிளைநுனிகள் குருதிக் குழாய்களைத் தழுவுகின்றன. நியூரான்கள் சந்திக்கும் சினாப்சுகளையும் சூழ்கின்றன. எலியின் மூளையில் ஓர் ஆஸ்ட்ரோசைட்டின் எல்லைக்குள் ஏறத்தாழ ஓர் இலட்சம் சினாப்சுகள் அடங்கும். இத்துணை நெருங்கியிருந்தும் இவை ஊமைகளாகக் கருதப்பட்டது ஏன்? ஆய்வாளர் கையிலிருந்த கருவி மின்முனை. நியூரான் மின்துடிப்பால் பேசும். ஆஸ்ட்ரோசைட் அத்தகைய துடிப்பை எழுப்புவதில்லை.

கால்சியம் அயனியோடு இணைந்தால் ஒளிரும் சாயங்கள் கிடைத்தபின் நிலை மாறியது. 1990இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலி மூளையிலிருந்து எடுத்து வளர்த்த ஆஸ்ட்ரோசைட்டுகளின்மீது குளுட்டமேட்டைச் சேர்த்தனர். நியூரான்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருள் அது. செல்களுக்குள் ஒளி பெருகியது. செல்லுக்குச் செல் அலையாகவும் பரவியது. குளுட்டமேட் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்த, உள்ளே ஐபி3 என்னும் தூது மூலக்கூறு உருவாகிறது. அது எண்டோபிளாச வலையில் சேமிக்கப்பட்டுள்ள கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. இவ்வலை நொடிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர் அளவே நகரும். நரம்புத் துடிப்போடு ஒப்பிட்டால் இது ஆமை நடை.

கேட்கும் செல் மறுமொழி கூறுமா? ஆஸ்ட்ரோசைட்டில் கால்சியம் உயர்ந்தால் அருகிலுள்ள நியூரான்களிலும் அது உயர்வதை 1994இல் வளர்ப்புத் தட்டுகளில் கண்டனர். ஆயினும் முழு மூளையில் அது நிகழ்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஓர் ஆஸ்ட்ரோசைட்டின் கால்சியம் மாற்றத்தைத் தடுத்ததும், நினைவாற்றலுக்கு அடிப்படையாகக் கருதப்படும் சினாப்சு வலுவூட்டம் அவ்விடத்தில் நின்றது. டி-செரீன் என்னும் பொருளைச் சேர்த்ததும் மீண்டது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வோ, ஐபி3 வழியாகக் கால்சியம் உயராத எலிகளிலும் அவ்வலுவூட்டம் குறையவில்லை என்றது. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகளே. பின்னர், அத்தகைய எலிகளிலும் ஆஸ்ட்ரோசைட்டின் மெல்லிய கிளைகளில் கால்சியம் மின்னி மறைவது தெரியவந்தது. ஆய்வாளர் பார்வை இப்பொழுது செல்லின் நடுவுடலை விட்டு அந்நுண்கிளைகளின்பால் திரும்பியுள்ளது.