சிவப்பு மாத்திரையின் நீலச் சாட்சி

சித்தூரானாலும் திருப்பதியானாலும் அரசு சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கிடைப்பது ஒரே சிவப்பு மாத்திரைதான். நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று, 180 நாள். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு. எந்த இரும்பு என்பதுதான் கேள்வி. குடல் எளிதில் உறிஞ்சுவது ஃபெரஸ் அயனியை. ஈரக்காற்று பட்டால் அது ஃபெரிக்காக மாறிவிடும்.

1954 முதல் பல்கலைக்கழகம் உள்ள திருப்பதியில் ஆய்வகத்துக்குப் பஞ்சமில்லை. மேல்பூச்சைக் கழுவி (அந்தச் சாயமே ஏமாற்றிவிடும்), மாத்திரையைப் பொடித்து, நீர்த்த அமிலத்தில் கரைத்து வடிகட்டுகிறார்கள். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு விட்டதும் கருநீலம் வந்தால் ஃபெரஸ் இருக்கிறது. தயோசயனேட் விட்டு ரத்தச் சிவப்பானால் ஃபெரிக். லேசான சிவப்பு சகஜம், அடர்ந்தால்தான் சந்தேகம். 60 மில்லிகிராமும் இருக்கிறதா என்பதை நிறம் சொல்லாது, அதற்குத் தரம்பார்த்தல் வேண்டும். கர்ப்பிணிக்கு இதெல்லாம் எட்டாது. நிறம் திட்டுத்திட்டாக மாறிய மாத்திரையைத் திருப்பிக் கொடுத்து வேறு கேட்கலாம்.