நோய் தணிந்த ஆண்டில் உயர்ந்த எண்ணிக்கை

கொவிட்-19 மனங்களை வாட்டிய காலம் எது என்று கேட்டால், சிங்கப்பூரில் பலரும் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை ஊரே வீட்டுக்குள் முடங்கிய நாள்களைத்தான் சொல்வார்கள். புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறது. 2019ல் 400ஆக இருந்த தற்கொலை மரணங்கள் 2020ல் 452 ஆயின; மறு ஆண்டு 378ஆகக் குறைந்தன; கட்டுப்பாடுகள் விலகிய 2022ல் 476ஐத் தொட்டன. 2000க்குப் பிறகு அதுவே ஆக அதிகம் என்றது சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம். எல்லாரும் அடைபட்டிருக்கும்போது தனிமை பொதுத் துன்பம். மற்றவர்கள் வேலைக்கும் விருந்துக்கும் கிளம்பிய பிறகு அது ஒருவருடைய சொந்தத் துன்பமாகிவிடுகிறது. பெருந்தொற்றின் சமூகப் பாதிப்பு தாமதமாக வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சிறிய நாட்டின் சிறிய எண்கள் ஏறி இறங்கத்தான் செய்யும் என்று மறுக்கலாம். நியாயம்தான், ஆனால் மொத்தத்தைவிட அதன் உட்பிரிவுகள் கூடுதலாகப் பேசுகின்றன. 2020ல் 60 வயதைக் கடந்தோரில் 154 பேர் தற்கொலையால் மாண்டனர். முந்தைய ஆண்டில் 122. ஜப்பானில் அதே ஆண்டு ஆண்களின் எண்ணிக்கை குறைய, பெண்களுடையது உயர்ந்தது. அமெரிக்காவில் தற்கொலைகள் சற்றுக் குறைந்தன. அளவு மீறிய போதைப்பொருளால் நேர்ந்த மரணங்களோ சுமார் 70,000லிருந்து 91,000க்கு மேல் போயின. ஃபென்டனைல் என்ற கடும் வலிநீக்கி கலந்த சரக்கு ஒரு காரணம். தனியாக உட்கொள்பவர் மயங்கி விழுந்தால் உதவிக்கு ஆள் இல்லாதது இன்னொன்று.

சிங்கப்பூரில் விடுதிகளுக்குள் முடக்கப்பட்ட வெளிநாட்டு ஊழியர்களிடையே தற்கொலைகள் கூடவில்லை என்று 2020 ஆகஸ்டில் மனிதவள அமைச்சு கூறியது. மரணம் கூடாததால் பாதிப்பே இல்லை என்றாகாது. அவர்களின் மனநலத்துக்கென அவ்வாண்டு நவம்பரில் அமைச்சே பணிக்குழு அமைத்தது. ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பணம் அனுப்பி, ஊர்க்காரரைப் பார்த்து, வாழையிலையில் சாப்பிட்டுத் திரும்புவது அவர்களுக்கு வாராந்தர ஆறுதல். பெருந்தொற்றால் அது நின்றுபோனது; 2021 செப்டம்பரில்தான் சிறு குழுக்களாக மீண்டும் அங்கு வர அனுமதி கிடைத்தது. 2022 ஜூனுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை வர அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. முடக்கம் உயிர்களைக் காத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் தொற்று எண்ணிக்கை இறங்கியதும் ஆலோசனைச் சேவைகளைச் சுருக்குவது, தாமதமாக வரும் துயரத்தைக் கவனிக்க ஆளில்லாமல் விடுவதாகும். அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டத்தில், முடக்கம் நீங்கிய பின் வரும் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்தே பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும்.

(மனம் தளர்ந்தோர் 24 மணி நேரமும் 1767 என்ற எண்ணில் அபய ஆலோசனைச் சங்கத்தை அழைக்கலாம்.)