காற்றுக்கும் ஒரு சட்டம்

வீடு கட்டுகிறவர்கள் சுவருக்கு எத்தனை செங்கல் வேண்டுமென்று கணக்குப் பார்க்கிறார்கள். சுவருக்கு வெளியே எவ்வளவு காற்று வேண்டுமென்று கணக்குப் பார்க்கிறவர்கள் வெகு சிலரே. இந்த இரண்டாவது கணக்கைச் சட்டமாகவே எழுதி வைத்த பேட்டை ஒன்று லண்டனுக்கு வடபால் இருக்கிறது. ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகர் என்பது அதன் பெயர்.

அதை ஸ்தாபித்தவர் ஹென்ரியட்டா பார்னெட் அம்மையார். கிழக்கு லண்டனில் ஏழை ஜனங்களின் நெருக்கடியான குடியிருப்புக்கு நடுவே பல வருஷங்கள் தொண்டு செய்தவர். ஹாம்ஸ்டெட் திடலின் பக்கம் சுரங்க ரயில் வரப்போகிறதென்று அறிந்ததும், பின்னாலேயே வீடுகளும் வந்து பசுமையை விழுங்கிவிடும் என்று அவர் உணர்ந்தார். முதலில் 80 ஏக்கர் நிலத்தைப் பொதுவெளியாகக் காப்பாற்றினார். பிறகு அதையொட்டி ஊரை அமைக்க முற்பட்டார். 1906-ல் பார்லிமெண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் நிறைவேறிற்று. 1907-ல் கட்டட வேலை தொடங்கிற்று.

சட்டத்தின் நிபந்தனைகள் எளியவை. சராசரியாக ஏக்கருக்கு 8 வீடுகளுக்கு மேல் கூடாது. நம் சென்னைக் கணக்கில் வீட்டுக்குச் சுமார் இரண்டேகால் கிரவுண்டு ஆகிறது. தெருவின் எதிரெதிர்ச் சாரி வீடுகளுக்கு நடுவே குறைந்தது 50 அடி வெளி இருக்க வேண்டும். ஊரை வகுத்த ரேமண்ட் அன்வின், மனைகளுக்கு இடையே மதிலுக்குப் பதில் செடி வேலியை வைத்தார்.

"இதெல்லாம் செல்வர்களுக்கல்லவா?" என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எல்லா வகுப்பாரும் கலந்து வாழவேண்டும் என்பதே அம்மையாரின் நோக்கம். ஆனால் இன்று அங்கே வீடு வாங்கப் பெருந்தனம் வேண்டும். காற்றும் நிழலும் அரிதாகிவிட்டால் அவற்றுக்கும் விலை ஏறத்தான் செய்யும். எனினும் அந்த 8 வீடு என்பது சராசரிதான். சில வீடுகளை நெருக்கமாகக் கட்டி, மிஞ்சிய நிலத்தைப் பொதுப் பசும்புல் வெளியாக விடலாம். அன்வின் பல இடங்களில் அவ்வாறே செய்தார். சிறிய வீட்டுக்காரனுக்கும் பெரிய தோட்டம் கிடைக்கும் வழி அதுவே.

நம் ஊரிலும் நல்ல தொடக்கம் இருந்தது. 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகர நிர்மாணச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே மாம்பலத்து ஏரி நிலத்தில், பனகல் பூங்காவை நடுநாயகமாகக் கொண்டு தியாகராய நகர் எழுந்தது. தோட்டம் சூழ்ந்த வீடுகளாகத் தொடங்கிய அந்தப் பேட்டை நாளடைவில் பெரும் கடைவீதியாயிற்று. பூங்கா நிலைத்தது, தோட்டங்களில் பெரும்பாலானவை மறைந்தன. 2021 நவம்பர் மழையில் தெருக்களில் வெள்ளம் நின்றது. ஏரி இருந்த இடத்தில் நீரைக் குடிக்க மண் வேண்டாமா? சட்டம் செய்தால் மட்டும் போதாது, தலைமுறைதோறும் அதைக் காக்க ஆள் வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

தமிழ்நாட்டு விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைப் பொதுவெளியாக ஸ்தல ஸ்தாபனத்துக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். மனை வாங்கச் செல்லும் நேயர்கள் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. வரைபடத்தில் பச்சை தீட்டிய அந்த இடத்துக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். குடியேறிய பிறகு, அங்கே கட்டடம் எழும்பாமல் தெருவார் ஒன்றுகூடிக் காவல் காக்க வேண்டும். நம் குழந்தைகள் ஓடியாட வேறு இடம் ஏது?