இஞ்சிப் பியரும் இல்லத்து நீரும்

மட்டக்களப்பு வாவிக்கரையிலே வாழ்வோருக்கு நீர் எப்பொழுதும் கண்முன்னேதான் இருக்கின்றது. ஒருபுறம், 50 கிலோமீற்றருக்கும் அதிக நீளத்துக்குப் பரந்து கிடக்கும் வாவி, மறுபுறம், வங்கக்கடல். ஆயினும் ஒரு குவளை நல்ல நீருக்கு நம் இல்லத்தரசியர் படும் பாடு சொல்லுந்தரமன்று. வாவிநீர் உவர், கடல்நீர் உப்பு. இவ்விரண்டுக்குமிடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலத்திலே தோண்டிய கிணறுகளே தலைமுறை தலைமுறையாக நம்மைக் காத்து வந்தன.

அத்தகைய கிணறொன்றின் நீரிலேதான் என் தாயார் சித்திரைப் புத்தாண்டுக்கு இஞ்சிப் பியர் செய்வார். இடித்த இஞ்சியையும் சீனியையும் நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் தேசிக்காய்ச் சாறும் ஈஸ்டும் சேர்த்து, வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைப்பார். மறுநாட் காலையிலே மேலே நுரை கட்டியிருக்கும். வெயிலில் வந்த விருந்தினர் ஒரு மிடறு பருகியதும், "இது எந்தக் கடையில் வாங்கியது?" என்று கேட்பர். அன்னையின் முகத்திலே அப்பொழுது தோன்றும் பெருமிதம் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தது. கரையோரக் கிணறுகள் எத்தனையோ உப்பாயின. எங்கள் கிணறும் தப்பவில்லை. சில ஆண்டுகளின் பின் வீட்டுக்குக் குழாய்நீர் வந்தது. அவ்வாண்டுச் சித்திரைக்கு அன்னையார் மீண்டும் இஞ்சிப் பியர் செய்தார். நுரை வந்தது, ஆனால், வாயில் வைத்ததும் வைத்தியசாலை வாடை வீசிற்று! இஞ்சி பழையது என்றார் ஒருவர். ஈஸ்ட் கெட்டது என்றார் மற்றொருவர். நீரை ஒருவரும் ஐயுறவில்லை. "எனக்குக் கைப்பக்குவம் போய்விட்டது, பிள்ளை" என்று அன்னையார் சொன்ன சொல்தான் என்னை இவ்விடயத்தை ஆராயத் தூண்டிற்று.

நகரத்துக்கு வரும் குழாய்நீர் உன்னிச்சைக் குளத்து நீர். குளத்து நீரைத் தெளியவைத்து, மணலில் வடித்து, ஈற்றிலே குளோரின் கலந்தே வீடுகளுக்கு அனுப்புவது வழக்கம். நெடுந்தூரம் குழாயில் வரும் நீரிலே நோய்க்கிருமிகள் புகாதபடி காவல் செய்வது இக் குளோரினே. நுகர்வோரின் குழாய்வாயை அடையும்போதும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் அது எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குளோரின் கலந்த நீர் உலகெங்கும் காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை.

காவற்காரனே கறியின் சுவையைக் கெடுப்பதும் உண்டன்றோ? குளோரின், தாவரங்களிலுள்ள பீனால் இனப் பொருள்களோடு சேர்ந்தால் மருந்துவாடையுள்ள குளோரோபீனால் உண்டாகும். மிக மிகச் சிறிய அளவினதாயினும் நாக்கு அதனைக் கண்டுகொள்ளும். இஞ்சிக்குக் காரம் தரும் ஜிஞ்சரோலும் பீனால் இனத்ததே. நீரை இஞ்சியோடு சேர்த்தே கொதிக்கவைக்கும்போது, குளோரின் ஆவியாகி வெளியேறுமுன் இஞ்சியோடு கலந்துவிடுகின்றது. குற்றம் அன்னையின் கையில் இல்லை. செய்முறையின் வரிசையில் இருந்தது!

பரிகாரம் மிக எளிது. முதல்நாள் மாலை குழாய்நீரை வாயகன்ற பானையிலே நிரப்பி, மெல்லிய சுத்தமான துணியால் மூடி இரவு முழுவதும் வையுங்கள். காலையில் அந் நீரைத் தனியே, மூடி திறந்தபடி, 10 அல்லது 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதன் பின்னரே இஞ்சியை இடவேண்டும். 4 லீற்றர் நீருக்கு 100 கிராம் இஞ்சி, 400 கிராம் சீனி, இரண்டு தேசிக்காய், கால் தேக்கரண்டி ஈஸ்ட் போதும். இளஞ்சூடாக ஆறியபின்பே ஈஸ்டைச் சேர்க்கவேண்டும். சூட்டில் இட்டால் அது மடிந்துபோகும். ஒரு நாளில் வடித்துப் போத்தலில் ஊற்றி உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியில் வைத்தால் வாயு பெருகிப் போத்தல் வெடிக்கவும் கூடும். நொதித்த பானத்தில் சிறிதளவு மதுசாரம் இருக்குமாதலால், சிறுவர்க்கு ஈஸ்ட் இடாத இஞ்சிப் பானமே தக்கது.

உண்மையான பியரை வீட்டிலே வடிப்போர் மேலைநாடுகளிற் பலர். நம் நாட்டிலே அனுமதிப்பத்திரமின்றி அது கூடாதென 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது. எனினும் அவர்களிடமிருந்து நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு: பானம் செய்யுமுன் அவர்கள் நீரை ஆராய்கின்றார்கள். இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரம் ஜிப்சம் கலந்த வன்னீராலும், பொஹீமியாவின் பில்சன் நகரம் மென்னீராலுமே வெவ்வேறு வகைப் பியருக்குப் புகழ்பெற்றன. சில நாடுகளில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைனைக் கலக்கின்றனர். அது ஓரிரவில் வெளியேறாது. ஆதலால் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று மாத்திரையை இடுகின்றனர், அல்லது கரிவடியில் வடிக்கின்றனர்.

கரிவடி என்றதும் அடுப்புக்கரியை எண்ணவேண்டாம். தேங்காய்ச் சிரட்டைக் கரியைக் கடுஞ்சூட்டில் நீராவியாற் பதப்படுத்திய ஏவற்கரியே அதிலுள்ளது. அதன் ஒரு கிராமின் நுண்துளைகளை விரித்தால் ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர் பரப்பு வரும் என்பர்! குளோரினையும் வாடையையும் அது பற்றிக்கொள்ளும், உப்பைப் பற்றாது. உரிய காலத்தில் மாற்றாவிடின் அதிலேயே கிருமிகள் குடிபுகும். நம் முன்னோர் பயன்படுத்திய தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளிவிக்குமேயன்றி உப்பைப் போக்காது. கொதிக்கவைக்கும் வேலையையும் மிச்சப்படுத்தாது.

கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. நீர் வற்ற வற்ற உவர் மிகவே செய்யும். உவர்க்கிணற்றை நல்வழிப்படுத்த வேறு அறிவு வேண்டும். மணல்நிலத்தின் அடியிலே உவர்நீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே அது ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் இருக்கும் என்பது பொதுவிதி. ஆதலால் பம்பியினால் மிகையாக இறைத்து மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும், அடியிலுள்ள உவர் மேலெழும். ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தோர் இதனைக் கண்டறிந்தனர். உப்பை வெளியேற்றியது பம்பியன்று, மாரிமழையே. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களிலே கிணற்றில் அளவோடு அள்ளுவதும், மாரியிலே முதல்மழையைக் கழியவிட்டுக் கூரைநீரைச் சேமிப்பதும் நம் கையிலுள்ள காரியங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. குளோரினின் வாடை பிடிக்கவில்லையென்று வீட்டு நீர் முழுவதிலுமிருந்து அதனை நீக்கிவிடாதீர்கள். வாடைக்காகக் காவற்காரனைத் துரத்தினால், திருடன் புகும் வழி திறந்துவிடும். பானத்துக்கு வேண்டிய ஒரு பானை நீரில் மட்டும் அதனைப் போக்கி, அந் நீரைக் கொதிக்கவைத்து, அன்றே பயன்படுத்துங்கள்.

அடுத்த சித்திரைக்கு, நீரைத் தனியே கொதிக்கவைத்த பின்னரே இஞ்சியை இட்டோம். அன்னையார் முதல் மிடறைப் பருகிச் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "வாடை இல்லை, பிள்ளை" என்றார். வாசலிலே விருந்தினர் குரல் கேட்டது. தாமே எழுந்து சென்று குவளைகளை எடுத்து வந்தார்.